வெலிங்டனில் வேஷம் கட்டிய தீபாவளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் குன்னூர்ப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். தீபாவளியும் அதுவுமாகக் குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவக் குடியிருப்பில் ஹாலோவீன் என்று பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக அனுப்பினார்களாம். நல்ல நாளில் இதென்ன அபசகுனம், நாட்டைக் காக்கிற இடத்தில் வெளிநாட்டுக் கூத்து எதற்கு என்று கேட்டிருந்தார். வயதில் மூத்தவர், ஊர் மேல் அக்கறை உள்ளவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார். அன்று சாயந்திரம் நான் அங்கே இருந்தேன். என் வீட்டுக்காரரும் எங்கள் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வேஷங்களில் பாதிக்கு மேல் என் மெஷினில் தைத்தவை. ஆகவே நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று இதை எழுதுகிறேன்.

வெலிங்டன் பஜாரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். யூனிஃபார்ம் ஆல்டர் செய்வது, பெயர்ப்பட்டை தைப்பது, அதிகாரிகள் வீட்டு மேடம்களுக்குப் பிளவுஸ், சேலைக்கு ஃபால்ஸ், இதுதான் பிழைப்பு. வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன், குடியிருப்புகளில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். இங்கே பட்டாளம் தங்கும் பாரக்ஸ் கட்ட ஆரம்பித்தது 1852-ல். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் படை அதிகாரிகள் படிக்கிற ஸ்டாஃப் காலேஜும் 1947-ல் வந்தன. அன்றிலிருந்து இன்று வரை பட்டாளம் இல்லாமல் எங்கள் பஜார் இல்லை. ஆனாலும் எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பழக்கம் அளவெடுப்பதோடும் காசு வாங்குவதோடும் நின்றுவிடும். கேட்டைத் தாண்டிப் போனால் வேலைக்காகப் போவோம், வேலை முடிந்தால் திரும்புவோம். உட்காரச் சொல்லி டீ கொடுக்கிற மேடம்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பிள்ளைகள் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை, அவர்கள் பிள்ளைகளும் எங்கள் தெருவுக்குள் விளையாட வந்ததில்லை.

இன்னொன்றையும் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வரும் அதிகாரிகள் முழுதாக ஒரு வருஷம்கூட இங்கே இருப்பதில்லை. முப்படைகளிலிருந்தும் வருகிறார்கள், நட்பு நாடுகளிலிருந்தும் வருகிறார்கள், குடும்பத்தோடுதான் வருகிறார்கள். படிப்பு முடிந்ததும் வெள்ளைப் பெயின்டில் பேரும் ரேங்கும் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டிகள் லாரி லாரியாகக் கீழே இறங்கிவிடும். ஜவான்கள் குடும்பங்களும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். அளவு கொடுக்க வரும் பிள்ளையிடம் எந்த ஊர் கண்ணு என்று கேட்டால் பல பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. பிறந்தது ஒரு ஊர், ஒன்றாம் வகுப்பு ஒரு ஊர், நாலாம் வகுப்பு ஒரு ஊர். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுகிறார்கள்.

இந்த வருஷம் அங்கே குடியிருக்கும் அமெரிக்க அதிகாரி ஒருவரின் மனைவி செப்டம்பர் கடைசியில் கடைக்கு வந்தார். கையில் பென்சிலால் வரைந்த எலும்புக்கூடு படம். இதைக் குழந்தை உடுப்பாகத் தைக்க முடியுமா என்று கேட்டார். கூடவே வந்த பஞ்சாபி மேடம் இந்தியில் எனக்கு விளக்கம் சொன்னார். அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். நவம்பர் 1 கிறிஸ்தவர்களின் சகல புனிதர்கள் திருநாள், அதற்கு முந்தின இரவு இது. அதற்கும் முந்தின காலத்தில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நாளில், செத்தவர்களின் ஆவி அன்று ஊருக்குள் வரும் என்று நம்பித் தீ மூட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைப்பார்களாம். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரிய பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் கப்பலேறி அமெரிக்கா போனபோது இந்தப் பழக்கமும் கூடவே போனது. அங்கே பூசணி பெரிதாகக் கிடைத்ததால் கிழங்குக்குப் பதில் பூசணி. பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம். அணைத்திருந்தால் அந்த வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது.

அமெரிக்க மேடம் சொன்னதில் எனக்கு மனதில் தைத்தது இதுதான். அவர்கள் நாட்டு ராணுவக் குடியிருப்புகளிலும் நம் கதைதான், ஓயாமல் மாற்றல். புதிதாக வந்த குடும்பத்துக்கு யாரையும் தெரியாது. அக்டோபர் 31 அன்று முகாம் நிர்வாகமே மாலையில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை என்று நேரம் அறிவித்துவிடும். அந்த நேரத்தில் புதுக் குடும்பமும் பழைய குடும்பமும் எல்லாக் கதவையும் தட்டலாம். காலையில் முகம் தெரியாதவர்கள் ராத்திரிக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வந்துவிடுவார்களாம். இந்த வருஷம் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்களே, இங்கே யாரும் கதவு திறப்பார்களா என்ற கவலையோடு கேட்டார்.

ஆசிரியர் ஐயா, என் பிறந்த ஊர் உடன்குடிப் பக்கம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவைப் பார்த்து வளர்ந்தவள் நான். மாலை போட்டு விரதம் இருந்து ராஜா, குறத்தி, குரங்கு, கரடி, எமன், போலீஸ் என்று வேஷம் கட்டி, தாளம் அடித்துக்கொண்டு வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய்க் காணிக்கை வாங்குவோம். சேர்ந்த காசு அம்மன் உண்டியலுக்கு. அன்றைக்குப் பணக்காரர் பிச்சைக்காரர் வேஷம் கட்டிக் கையேந்துவார், யாரும் சிரிக்க மாட்டார்கள், கதவை மூடவும் மாட்டார்கள். வேஷம் கட்டிய பிள்ளை வாசலில் நின்றால் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று என் பாட்டி சொல்வாள். அதனால் அந்த மேடம் கேட்டது எனக்கு விநோதமாகவே படவில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. குலசையில் நடப்பது வேண்டுதல், அது சாமி காரியம். காளி வேஷத்தின் போட்டோவை என் போனில் பார்த்துவிட்டு அதேபோல ஒன்று தைத்துத் தர முடியுமா என்று இன்னொரு மேடம் ஆசைப்பட்டுக் கேட்டார். அது விரதத்துக்கு உரியது மேடம், விளையாட்டுக்கு நான் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் உடனே புரிந்துகொண்டார், தன் மகளுக்குப் புலி வேஷம் போதும் என்றார்.

பெரியவர் அபசகுனம் என்கிறார். புது வீடு கட்டும்போது அசுர முகம் வரைந்த பூசணிக்காயை வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோம். ஆயுத பூஜைக்கு என் தையல் மெஷினுக்கே பூசணிக்காயில் குங்குமம் அடைத்துச் சுற்றி உடைக்கிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாம் மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். செத்தவர்களை நினைக்கவும் கண்ணேறு கழிக்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி இருக்க, அயர்லாந்துக்காரர்கள் செய்தால் மட்டும் எப்படி அபசகுனம் ஆகும்?

சரி, அன்று நடந்ததைச் சொல்கிறேன். இந்த 2024-ல் தீபாவளியும் அக்டோபர் 31, வியாழக்கிழமை. இரண்டும் ஒரே நாளில் விழுந்தது தெரிந்ததும் அந்த மேடமே பதறிப்போய், உங்கள் பண்டிகை முக்கியம், நாங்கள் வேறு நாள் வைத்துக்கொள்கிறோம் என்றார். குடியிருப்பில் இருக்கும் பெண்கள் கூடிப் பேசினார்கள். பட்டாசு வெடிக்க அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அப்படியென்றால் சாயந்திரம் 5 மணிக்கு வேஷம், இருட்டுவதற்குள் வீடு சுற்றி முடிப்பது, 7 மணிக்கு எல்லோரும் சேர்ந்து பட்டாசு என்று முடிவானது. இது நிர்வாகம் நடத்திய விழா இல்லை, குடும்பங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. உடுப்பு தைத்த என்னையும், வாசல்களில் சீரியல் லைட் கட்டிய என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். வேலைக்கு இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பஜாரில் இன்னும் சில வீடுகளுக்கும் சொல்லியிருந்தார்கள். கேட்டில் பேர் எழுதிக்கொடுத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு புதுத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனோம். வேஷத்தைக் கழற்றிவிட்டு ராத்திரி அதைப் போட வேண்டுமே.

பூசணி குடைந்த கதை ஒன்று உண்டு. அவர்கள் ஊர்ப் பூசணி போல நம் மார்க்கெட்டில் கிடைப்பது உருண்டையாக இருக்காது. தட்டையாக, வரி வரியாக, தோல் கல் மாதிரி இருக்கும். கிச்சன் கத்தி உள்ளே இறங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் டூல்ஸ் பையிலிருந்து ஆக்ஸா பிளேடை எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, முதலில் கண்ணுக்கு டிரில் போட்டுத் துளைத்து அதிலிருந்து அறுத்தார். அமெரிக்க அதிகாரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பூசணியை அசையாமல் பிடித்துக்கொண்டார். இவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பல்லை எப்படி வெட்டுவது என்று இருவரும் பென்சிலால் தோலில் கோடு போட்டே பேசிக்கொண்டார்கள். உள்ளே வழித்தெடுத்த சதையை நான் வாங்கிப் போய் நெய் விட்டு அல்வா கிளறினேன், விதையைக் கழுவி வறுத்தோம். தீபாவளித் தட்டில் அதிரசம், முறுக்கோடு அந்த அல்வாவும் போயிற்று.

என் மகன் எலும்புக்கூடு. கறுப்பு லைனிங் துணியில் காலருக்குள் வைக்கிற விறைப்பான வெள்ளை பக்ரம் துணியை விலா விலாவாக வெட்டி ஒட்டித் தைத்தேன். முதுகெலும்புக்குப் பட்டன். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை என் விலா எத்தனை என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டான். மகள் மட்டும் பேய் வேஷம் வேண்டாம் என்றுவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். அவர் கூடையை வாங்கி முதுகில் மாட்டி, இடுப்பில் படுதா கட்டி, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு தேயிலை பறிக்கப் போகிற மாதிரியே வந்து நின்றாள். கொடுக்கிறவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து கூடைக்குள் போட்டார்கள். ஆப்பிரிக்க நாட்டு அதிகாரி வீட்டு அம்மா கூடையைத் தொட்டுப் பார்த்து, இது நிறைய எவ்வளவு எடை வரும், எவ்வளவு நேரம் சுமப்பார்கள் என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே வந்து இத்தனை மாதமாகத் தினமும் டீ குடிக்கிறேன், பறிக்கிறவர்களை ரோட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன் என்றார். அந்தக் கூடைக்குச் சொந்தக்கார அத்தை என் பக்கத்தில்தான் நின்றார். நானாகவே அவரை முன்னால் கூட்டிப் போய் அறிமுகம் செய்தேன்.

கொடுத்ததும் வகை வகையாக இருந்தது. ஒரு வீட்டில் ஊட்டி சாக்லேட், ஒரு வீட்டில் வர்க்கி, பஞ்சாபி வீட்டில் பின்னி லட்டு, மலையாளி வீட்டில் நேந்திரங்காய் சிப்ஸ். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய சில்லுக்கருப்பட்டியை நான் பேப்பரில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். சுக்கும் ஏலமும் நாக்கில் பட்டதும் ஒரு வெள்ளைக்காரப் பையன் முகத்தைச் சுளித்தான், அப்புறம் அவனே திரும்பி வந்து கை நீட்டினான். ஒரு வீட்டில் கணவர் காஷ்மீரில் இருக்கிறார். அந்த அக்கா சின்னப் பிள்ளையோடு தனியாக இருக்கிறவர், தீபாவளிக்கு விளக்குகூடப் போட மனசில்லை என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். அன்று அவர் வாசல் லைட்டும் எரிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அங்கே போனார்கள். 7 மணிக்குப் பட்டாசு வெடிக்கும்போது அவர் பிள்ளையை என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து மத்தாப்பு கொளுத்த வைத்தார்.

பெரியவர் கேட்டதில் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆன்லைனில் வாங்கிய ரத்தம் வழிகிற ரப்பர் முகமூடி போட்டு வந்தார். ஒரு கைக்குழந்தை மிரண்டு அழுதது, அழுகையை நிறுத்தவே முடியவில்லை. அந்த மாதிரி முகமூடி வேண்டாம். பிளாஸ்டிக் பேய், பிளாஸ்டிக் சிலந்தி இதெல்லாமும் நம் மாவட்டத்துக்கு ஆகாது. நீலகிரியில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதை இங்கே வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு மீந்த துணியில் மஞ்சப்பை தைத்துக் கொடுத்தேன், மிட்டாய் வாங்க அதுவே போதுமாக இருந்தது.

அதைவிட முக்கியம், குடைந்த பூசணியை ராத்திரி வாசலில் விட்டுவிடக் கூடாது. அவர்கள் ஊரில் நாள்கணக்கில் வெளியே வைப்பார்களாம். இங்கே வெலிங்டனிலும் குன்னூரிலும் காட்டுமாடு தெருவிலேயே நிற்கிறது. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைத் தேடிக் கரடி வருகிறது. வாசலில் பூசணி வாசம் அடித்தால் காட்டுப்பன்றியும் வரும். இதை நான் சொன்னதும் எல்லோரும் ஒத்துக்கொண்டு அன்று ராத்திரியே பூசணிகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். இருட்டுவதற்குள் வீடு சுற்றி முடித்ததற்கும் இதுதான் காரணம். மழையும் மேகமுமாக இருந்த சாயந்திரம், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பெரியவர்கள் முன்னாலும் பின்னாலும் டார்ச்சோடு நடந்தோம்.

ராணுவ இடத்தில் இது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. முதலில் ஓடியவர்கள் அந்த ஊர் ஜனங்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோனார்கள், வீட்டுப் போர்வையையும் கம்பளியையும் கொடுத்து ஆட்களைத் தூக்க உதவினார்கள். அப்புறம் ராணுவ அதிகாரிகள் அந்த ஊருக்கே வந்து நன்றி சொன்னார்கள். அந்த ஜனங்களும் படையும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் எவ்வளவு அறிந்திருப்பார்கள்? துக்கம் வந்தபோது சேர்ந்து நின்றோம். சந்தோஷத்துக்கும் சேர்ந்து நிற்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. இந்தத் தீபாவளி அன்றே லடாக் எல்லையில் இந்திய வீரர்களும் சீன வீரர்களும் இனிப்புக் கொடுத்து வாங்கிக்கொண்டதைப் பேப்பரில் படித்தோம். ஒரே ஊரில் கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற நாம் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

அதனால் இதை நிறுத்தச் சொல்லிப் பெரியவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. நம் பங்கையும் சேர்க்கச் சொல்லி எல்லோரும் கேட்க வேண்டும். அடுத்த வருஷம், 2025-ல், தீபாவளி அக்டோபர் 20, ஹாலோவீன் அதற்குப் பதினோரு நாள் கழித்து. இரண்டு நாளும் தனித்தனியாக வருவதால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. தீபாவளிக்கு நாங்கள் அப்போது குடியிருப்பில் இருக்கிறவர்களைப் பஜாருக்குக் கூப்பிடுகிறோம், எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் பலகாரத் தட்டு வைக்கிறோம், 31-ஆம் தேதி எங்கள் பிள்ளைகள் அங்கே போகட்டும். ஏப்ரலில் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழா வரும்போது இந்தக் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருந்தால் தேர் பார்க்கக் கூட்டிப்போக நான் தயார். பெரியவரும் வரட்டும். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அளவு மட்டும் கொடுத்து அனுப்பினால் போதும், கூலி வாங்காமல் நானே தைத்துத் தருகிறேன்.

குடியிருப்பை நிர்வகிக்கிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை மூலம் ஒரு வேண்டுகோள். காவல் கட்டுப்பாடு எவ்வளவு முக்கியம் என்பது பட்டாளத்தோடு பிழைக்கிற எங்களுக்குத் தெரியும். கேட்டில் பேர் எழுதவும் அடையாள அட்டை காட்டவும் எங்களுக்குச் சிரமம் இல்லை. பஜார் பிள்ளைகள் எத்தனை பேர் வரலாம், கூட எத்தனை பெரியவர்கள் வர வேண்டும், எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும் என்பதை மட்டும் செப்டம்பர் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள். தீபாவளித் துணியும் வேஷமும் ஒரே சமயத்தில் வந்து குவியும், என்னிடம் இருப்பது ஒரே மெஷின்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி ஒருவர்,
வெலிங்டன் பஜார், நீலகிரி.